யார் வழியில் வந்தது?

பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால் எங்கள் தெருவில் யாருக்கு எந்த லேப் ரிப்போர்ட் வந்தாலும், டாக்டரிடம் காட்டிய பிறகு என் வீட்டுத் திண்ணைக்கும் ஒரு நடை வந்துவிடும். போன வருஷம் ஒரு சாயங்காலம் நாலு வீடு தள்ளியிருக்கும் ஆச்சி கனத்த ஃபைல் ஒன்றோடு வந்தார். நாலு வயசுப் பேரனுக்கு ஒரு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல். காலெல்லாம் அடிபடாமலே நீலத் திட்டு. ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்து, அங்கிருந்து திருவனந்தபுரம் போய் எலும்பு மஜ்ஜையும் எடுத்துப் பார்த்தாயிற்று. பிளட் கேன்சர். அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்பது முழுப்பெயர். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் தலைகாட்டும்.

ரிப்போர்ட்டில் ஒரு வரிக்குக் கீழே யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். ‘ஈடிவி6–ரன்எக்ஸ்1 ஜீன் இணைவு: உள்ளது.’

“இதுல ஜீன்னு போட்டிருக்காம்லா சார்? ஜீன்னா பரம்பரைதானே? எங்க வழியில ஒருத்தருக்கும் இந்தச் சீக்கு கெடையாது. அவ பொறந்த வீட்டு வழியிலதான் வந்திருக்கும்” என்றார் ஆச்சி. மருமகள் வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆச்சி கெட்டவர் இல்லை. பேரனுக்காகத் தன் வளையலை விற்றவர். ஆனால் ‘ஜீன்’ என்ற சொல் நம் ஊரில் ‘வம்சம்’ என்றே காதில் விழுகிறது. வம்சம் என்று வந்துவிட்டால் குற்றம் பெரும்பாலும் பெண் எடுத்த வீட்டின் மேல்தான் போய் விழும். அன்றைக்கு அந்த இரண்டு பேருக்கும் சொன்னதைத்தான் இங்கே இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மரபணு மாற்றம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லும் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். விதைநெல்லிலேயே கலப்பு இருந்தால் நாற்றங்காலில் தொடங்கி வயல் முழுக்கக் கலவன் நிற்கும். விதை சுத்தமாக இருந்து, நட்டு வளர்ந்த பிறகு ஏதோ ஒரு குத்தில் மட்டும் பழுது நேர்ந்தால், அது அந்தக் குத்தோடு சரி. அடுத்த வருஷத்துக்கு நாம் எடுத்துவைத்த விதையில் அது இருக்காது. முதல் வகை, தாயின் முட்டையிலோ தகப்பனின் விந்திலோ இருந்து வந்தது. அது உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும், பிள்ளைகளுக்கும் போகலாம். இரண்டாவது வகை, உடம்பு உருவான பிறகு ஏதோ ஒரு செல்லுக்கு மட்டும் நேர்ந்தது. அது அந்தச் செல்லிலும் அதிலிருந்து பெருகியவற்றிலும் மட்டும்தான் இருக்கும். லுகேமியா ரிப்போர்ட்டில் வரும் ஜீன் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டாவது வகை. விதையில் வந்தவை அல்ல, வயலில் நேர்ந்தவை.

ஏன் நேர்கிறது? செல்லுக்குள் இருக்கும் மரபுக் குறிப்புதான் டிஎன்ஏ; அதில் ஒரு வேலைக்கான பகுதி ஒரு ஜீன். நம் டிஎன்ஏவில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். ஒவ்வொரு செல்லும் இரண்டாகும்போது அத்தனையையும் படியெடுக்க வேண்டும். எலும்பு மஜ்ஜையோ ஓயாத பட்டறை. சிவப்பணு மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 20 ஆயிரம் கோடி அங்கே பிறக்கிறது. இவ்வளவு படியெடுத்தால் எங்காவது பிழை விழாமல் இருக்காது. விழுந்தவற்றில் பெரும்பாலானவை திருத்தப்பட்டுவிடும், மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. எப்போதோ ஒன்று, செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் இடத்தில் போய் விழுந்துவிடுகிறது.

இதை மனிதன் முதன்முதலில் கண்ணால் பார்த்தது 1960-ல். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், பெரியவர்களுக்கு அதிகம் வரும் இன்னொரு வகை இரத்தப் புற்றான க்ரானிக் மைலாய்டு லுகேமியா நோயாளிகளின் இரத்தச் செல்களில் ஒரு குரோமோசோம், அதாவது டிஎன்ஏ சுருண்டு கிடக்கும் கட்டுகளில் ஒன்று, அளவில் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். மீதித் துண்டு எங்கே போனது என்று தெரிய இன்னும் 13 வருஷம் ஆயிற்று. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண் மருத்துவர், நாலு பிள்ளைகளின் தாய், குரோமோசோம் படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி ஜோடி சேர்த்துப் பார்ப்பார். 22-ம் எண் குரோமோசோமில் காணாமல்போன துண்டு 9-ம் எண்ணில் ஒட்டியிருந்தது. 9-ன் நுனி 22-க்கு வந்திருந்தது. இரண்டும் துண்டு மாற்றிக்கொண்டிருந்தன. 1973-ல் அதை எழுதினார். மாறிய இடத்தில் இரண்டு ஜீன்கள் தலையும் வாலுமாக ஒட்டி, பிசிஆர்–ஏபிஎல் என்று ஒரு புது ஜீன் உருவாகிறது. ‘பெருகு, பெருகு’ என்று செல்லை நிறுத்தாமல் முடுக்கும் புரதம் அதிலிருந்து வருகிறது.

அந்த நோயாளிகளின் தோலிலோ மற்ற உறுப்புகளிலோ இந்த மாற்றம் இல்லை. அவர்கள் பிள்ளைகளிடமும் இல்லை. வயலில் நேர்ந்த குறை என்று சொல்ல இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பிழை எந்த இடத்தில் என்று தெரிந்ததால்தான் அதற்கென்றே மருந்து செய்யவும் முடிந்தது. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப், அந்தப் புரதத்தின் வாயை அடைக்கிற மாத்திரை. அதன் கம்பெனி விலை இங்கே மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. காப்புரிமை வழக்கு சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கி, 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. கம்பெனி கேட்ட காப்புரிமை கிடைக்கவில்லை. அதனால் இந்தியத் தயாரிப்பு மாத்திரை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் தொடர்ந்து கிடைக்கிறது. இன்றைக்கு அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு தினமும் கடை திறக்கிறவர்களும் வயலுக்குப் போகிறவர்களும் நம் ஜில்லாவில் இருக்கிறார்கள். ஒரு நீதிமன்றத் தீர்ப்பு எத்தனை வீட்டுக்குள் வந்திருக்கிறது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சரி, ஆச்சியின் பேரனுக்கு வருவோம். அவன் ரிப்போர்ட்டில் கோடு போட்டிருந்த வரியும் இதே மாதிரித் துண்டு மாற்றம்தான். 12-ம் குரோமோசோமுக்கும் 21-ம் குரோமோசோமுக்கும் நடுவில் நடந்தது. மேலை நாடுகளில் இந்த நோய் வரும் குழந்தைகளில் நாலில் ஒருவருக்கு இது இருக்கிறது, நம் நாட்டில் அதைவிடக் குறைவு. இது இருப்பதும் ஒரு நல்ல அறிகுறி. இந்த வகை மருந்துக்கு நன்றாகவே கேட்கும். கோடு போட்டவர் அதற்காகத்தான் போட்டிருப்பார்.

இந்தத் துண்டு மாற்றம் எப்போது நடந்திருக்கும்? பெரும்பாலும் பிள்ளை வயிற்றுக்குள் இருக்கும்போதே. இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை அட்டையில் ஊறவைத்துப் பத்திரப்படுத்துவார்கள், வேறு நோய்களைச் சோதிப்பதற்காக. லண்டனில் மெல் கிரீவ்ஸ் என்பவரின் குழு, பின்னாளில் லுகேமியா வந்த குழந்தைகளின் பழைய அட்டைகளைத் தேடி எடுத்துச் சோதித்தது. பிறந்த அன்றைக்கு எடுத்த அந்த உலர்ந்த சொட்டிலேயே மாற்றம் இருந்தது. 1997-லிருந்து இப்படி ஒவ்வொன்றாகத் தெரியவந்தது.

வயிற்றிலேயே இருந்தது என்றால் அம்மாவிடமிருந்துதானே வந்திருக்கும்? அன்றைக்கு ஆச்சியும் உடனே இதைத்தான் கேட்டார். இல்லை. அம்மாவின் வயிற்றில் நடந்தது, அம்மாவிடமிருந்து வந்ததல்ல. இதற்கு இரட்டைப் பிள்ளைகள் சாட்சி. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும்போது இருவரின் இரத்தமும் கலக்கும். ஒரு குழந்தையின் ஒரு செல்லில் நடந்த துண்டு மாற்றம், அந்த வழியாக மற்றக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இரண்டு பேருக்கும் லுகேமியா வந்தபோது பார்த்தால், டிஎன்ஏ முறிந்த இடம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். அதே மாற்றம் தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை. ஒரு வயதுக்குள் வரும் லுகேமியா என்றால் அப்படிப்பட்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் ஏறக்குறைய வந்தே தீரும். ஆனால் இரண்டு வயதுக்கு மேல் வருவது என்றால் மற்றவருக்கு வருவது பத்தில் ஒன்று என்ற அளவில்தான்.

அந்தப் பத்தில் ஒன்றில்தான் விஷயம் இருக்கிறது. வயிற்றில் நேர்ந்த முதல் பிழை மட்டும் போதாது என்று அர்த்தம். 2002-ல் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்தபோது, நல்ல ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைகளிலேயே நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்த 12–21 மாற்றம் இருந்தது. அவர்களில் நோய் வருவதோ மறுபடி நூற்றுக்கு ஒன்று. மற்றவர்களுக்கு அது தானாக அடங்கிப்போகிறது. நோயாக மாற இரண்டாவது பிழை, மூன்றாவது பிழை என்று பின்னால் சேர வேண்டும். அந்த இரண்டாவது பிழைக்கு வழிவிடுவது எது என்பதற்குக் கிரீவ்ஸ் சொல்லும் கருத்து ஒன்று உண்டு. முதல் வருஷத்தில் சின்னச் சின்னக் கிருமிகளோடு பழகாமல் வளர்ந்த குழந்தையின் எதிர்ப்பு சக்தி, பின்னால் சாதாரணத் தொற்று வரும்போது நிதானம் இழந்து வேலை செய்கிறது, அப்போது பிழை கூடுகிறது என்பது. மற்றப் பிள்ளைகளோடு கலந்து வளர்ந்த குழந்தைகளுக்கு இந்த நோய் சற்றுக் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருப்பது அதற்குத் துணை. ஆனால் இதை எடுத்துக்கொண்டு ‘நீ பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்தாய்’ என்று அடுத்த பழியை யாரும் தொடங்கிவிடக் கூடாது. ஒரு தனிக் குழந்தைக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது.

அப்படியானால் பரம்பரைக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. இரண்டு விதமாக இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் வீண் பயமும் வருகிறது, வேண்டிய இடத்தில் அசட்டையும் வருகிறது.

முதலாவது, நம் எல்லோரிடமும் இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகள். உங்கள் டிஎன்ஏவையும் என் டிஎன்ஏவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லட்சக்கணக்கான இடங்களில் ஓர் எழுத்து மாறியிருக்கும். மூக்கின் அமைப்பு, முடியின் சுருள், சர்க்கரை வரும் வாய்ப்பு எல்லாவற்றிலும் இவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சம் பங்கு உண்டு. 2009-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இரண்டு குழுக்கள், நோய் வந்த குழந்தைகளையும் வராதவர்களையும் ஒப்பிட்டு, ஏரிட்5பி, ஐகேஇசட்எஃப்1 என்ற ஜீன்களுக்குள் இருக்கும் சில எழுத்து வேறுபாடுகள் நோய் வந்தவர்களிடம் அதிகம் என்று காட்டின. இரண்டு ஜீன்களுமே வெள்ளையணுக்கள் பக்குவம் அடைவதில் வேலை செய்பவை, ஆகவே பொருத்தமான இடம்தான். பிறகு சிஇபிபிஇ, சிடிகேஎன்2ஏ, ஜிஏடிஏ3 என்று பட்டியல் நீண்டது.

ஆனால் எவ்வளவு கூட்டுகிறது? தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கும். அந்த எழுத்து ஒரு பிரதியில் இருந்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். காதில் விழும்போது பெரிதாகத் தெரியும். மேலை நாட்டுக் கணக்கில் 15 வயதுக்குள் இந்த நோய் வருவது 2,000 பிள்ளைகளில் ஒருவருக்கு. அது 1,250-ல் ஒருவர் என்று ஆகும். அதாவது அந்த எழுத்து இருக்கும் 1,250 பிள்ளைகளில் 1,249 பேருக்கு வராது. இந்த எழுத்துகள் அபூர்வமும் அல்ல. நீங்கள் காலையில் டவுன் பஸ்ஸில் ஏறினால், உங்களோடு தொங்கிக்கொண்டு வருகிறவர்களில் எத்தனையோ பேரிடம் இருக்கும். அதை ‘வம்சக் குறை’ என்று சொன்னால் ஊரில் குறையில்லாத வம்சமே மிஞ்சாது.

இதனால்தான், ‘புற்றுநோய் வருமா என்று ஜீன் பார்த்துச் சொல்கிறோம்’ என்று ஆரோக்கியமான குழந்தைகளுக்கு விற்கப்படும் சோதனைகளை நான் வேண்டாம் என்கிறேன். எம்டிஎச்எஃப்ஆர் என்ற ஜீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்துவதில் அதற்கு வேலை உண்டு. லுகேமியாவோடு அதைச் சேர்த்து உலகமெங்கும் எத்தனையோ சின்ன ஆய்வுகள் வந்தன; ஒன்று ஆம் என்றது, அடுத்தது இல்லை என்றது. நூறு இருநூறு பேரை வைத்துச் செய்யும் ஆய்வில் தற்செயலாகவே இப்படி முன்னும் பின்னும் வரும். அதை ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் போட்டு ஒரு தாயின் கையில் கொடுத்தால் அவள் தூக்கம் போகிறதே தவிர, டாக்டர் அதை வைத்துச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்புறம், இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்டவை. 10 ஆயிரம் இந்தியர்களின் முழு டிஎன்ஏவையும் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நம்மைப் பற்றிய கணக்கு இனிமேல்தான் திருத்தமாகும்.

இரண்டாவது வகைதான் உண்மையிலேயே விதையில் வருவது. ஒரே ஜீனில் பெரிய பழுது, பெரிய ஆபத்து. குழந்தை லுகேமியாவில் இவை சிறுபான்மைதான். ஆனால் இருக்கும் இடத்தில் அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் வைத்தியமே தப்பாகப் போய்விடும்.

நம் பக்கத்துக்கு முக்கியமானது ஃபான்கோனி அனீமியா. 1927-ல் ஃபான்கோனி என்ற சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் விவரித்தது. டிஎன்ஏவில் விழும் ஒரு வகைச் சிக்கலை அவிழ்த்துச் சரிசெய்யும் ஜீன்கள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்றின் இரண்டு பிரதிகளும் பழுதானால் குரோமோசோம்கள் எளிதில் முறியும். பெருவிரல் சிறுத்தோ இல்லாமலோ இருக்கலாம், வயதுக்கேற்ற உயரம் இருக்காது, தோலில் காப்பி நிறத் திட்டுகள் தெரியலாம். பள்ளி வயதில் இரத்த அணுக்கள் குறையும். பின்னால் லுகேமியா வரும் ஆபத்து பல நூறு மடங்கு. அப்படிப்பட்ட குழந்தைக்கு வழக்கமான அளவில் கீமோ கொடுத்தால் உடம்பு தாங்காது. குரோமோசோம் முறிவுச் சோதனை ஒன்று செய்தால் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் இது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான பிரதி வந்தால்தான் வரும். ஒரே பிரதி உள்ளவருக்கு ஒன்றும் தெரியாது. ஆக ‘யார் வழி’ என்று கேட்டால், இரண்டு வழியும்தான். இங்கேதான் சொந்தத்தில் கட்டுவது கணக்கில் வருகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் மணந்தவர்கள், நாட்டிலேயே இதுதான் அதிகம். மாமன் மகளும் அத்தை மகனும் தங்களுக்குள் அரைக்கால் பங்கு மரபணுவைப் பகிர்கிறார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் கால் பங்கு. பாட்டியிடமிருந்த ஒரே பழுதான பிரதி இரண்டு கிளையாக இறங்கி, ஒரு தொட்டிலில் வந்து சேர வழியிருக்கிறது. ‘சொந்தமா, அசலா?’ என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான், குறை சொல்வதற்காக அல்ல. சிலர் கூச்சப்பட்டு ‘அசல்தான்’ என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்லக் கூடாது. அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: ஆச்சியின் பேரனுக்கு வந்தது போன்ற சாதாரண லுகேமியாவுக்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் இப்படி நேரடி முடிச்சு கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு 21-ம் குரோமோசோம் ஒன்று கூடுதல். அவர்களுக்கு லுகேமியா ஆபத்து மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது மடங்கு. அந்தக் கூடுதல் குரோமோசோமும் நூற்றுக்கு 95 பேருக்கு முட்டையோ விந்தோ உருவாகும்போது தற்செயலாக நேர்ந்ததுதான், வம்சத்தில் ஓடுவதில்லை. லி–ஃப்ராமெனி என்ற குறையில் டிபி53 ஜீன் பழுது. ஒரே குடும்பத்தில் சின்ன வயதிலேயே ஒருவருக்கு மார்பில், ஒருவருக்கு எலும்பில், ஒருவருக்கு மூளையில் என்று புற்று வந்துகொண்டிருக்கும். குரோமோசோம் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்த ஒரு வகைக் குழந்தை லுகேமியாவில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்தப் பழுது பிறவியிலேயே இருப்பது 2013-ல் தெரியவந்தது. அவர்களுக்குக் கதிர்வீச்சு வைத்தியத்தைக் கூடியவரை தவிர்க்கப் பார்ப்பார்கள். ரன்எக்ஸ்1 ஜீன் பிறவியிலேயே பழுதான குடும்பங்களில், தலைமுறை தலைமுறையாக, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைவாக இருக்கும், லேசாக இடித்தாலே கன்றிப்போகும். ஆச்சியின் பேரனுக்கும் அதே ரன்எக்ஸ்1 பெயர்தான் வந்தது. ஆனால் அவனுக்கு ஒரு செல்லில் நேர்ந்த இணைவு, இவர்களுக்கோ உடம்பு முழுக்க. பெயர் ஒன்று, சங்கதி வேறு.

இந்த வகைக் குடும்பத்தில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்று வரும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். பொருத்தம் சரியாக இருக்கிறது என்று அண்ணன் மஜ்ஜையைத் தம்பிக்கு எடுத்து வைத்தால், அண்ணனிடமும் அதே பழுது இருந்துவிட்டால், போட்ட மஜ்ஜையிலேயே மறுபடி நோய் முளைக்கலாம். அதனால் முதலில் கொடுப்பவருக்கும் சோதித்துவிடுவார்கள். டாக்டர் குடும்ப விவரம் கேட்கும்போது, ‘எங்க சித்தப்பா பையன் ஒருத்தன் சின்னதுலயே இரத்தம் குறைஞ்சு போயிட்டான்’ என்பது போன்ற பழைய பேச்சையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எது வேண்டியது, எது வேண்டாதது என்று அவர்கள் பிரித்துக்கொள்வார்கள்.

கூடங்குளம், இடிந்தகரைப் பக்கமிருந்து வருகிறவர்கள் கதிர்வீச்சைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை. நியாயமான கேள்வி. அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு டிஎன்ஏவை முறிக்கும், லுகேமியா வரும். 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த சில வருஷங்களிலேயே உயிர் தப்பியவர்களிடம் லுகேமியா கூடியது கண்கூடு. ஆனால் அவர்களுக்குப் பின்னால் பிறந்த 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், பெற்றோர் பட்ட கதிர்வீச்சால் அவர்களுக்குப் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. நம் மலைக்கு மேற்கே, கொல்லத்தை அடுத்த கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணலில் தோரியம் இருப்பதால் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். அங்கே ஏறக்குறைய 70 ஆயிரம் பேரைச் சராசரியாகப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009-ல் வெளிவந்த ஆய்வு, அந்த மணலின் கதிர்வீச்சால் லுகேமியா கூடியதாகக் காட்டவில்லை. அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதனால் அணுஉலைப் பக்கத்து மக்கள், அளந்த அளவுகளை அடிக்கடி வெளியில் வைக்கச் சொல்லிக் கேட்பது அவர்கள் உரிமை என்றே நினைக்கிறேன். பென்சீன் ஆவியும் புகையிலைப் புகையும் பெரியவர்களுக்கு வரும் மைலாய்டு லுகேமியாவுக்கு வழிவிடுவது உறுதியாகத் தெரிந்தது. கதிர்வீச்சைப் பற்றிக் கேட்கும் அதே ஆள் கையில் பீடி புகைந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

நோய்க்கு அல்ல, மருந்துக்குக் குறுக்கே வரும் ஒரு பரம்பரை வேறுபாடும் உண்டு. நம் ஊர்க் குடும்பங்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

இந்த லுகேமியாவுக்கு இரண்டரை, மூன்று வருஷ வைத்தியம். கடைசிக் கட்டத்தில் வீட்டிலிருந்தே தினமும் 6-எம்பி என்கிற வெளிர்மஞ்சள் மாத்திரை, வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட். இந்த இரண்டாவது மருந்தின் மூதாதையை அமெரிக்காவில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த பீமாவரத்துக்காரர். அந்த மூதாதை மருந்தை வைத்துத்தான் 1948-ல் குழந்தை லுகேமியா முதன்முதலாகச் சற்றுப் பின்வாங்கியது. 6-எம்பி வந்தது 1953-ல். அதற்கு முன்னால் சில வாரங்களிலோ மாதங்களிலோ முடிந்துபோன நோய், இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குக் குணமாகிறது.

6-எம்பியை உடம்பு பக்குவமாகக் கழித்துவிட டிபிஎம்டி, நுட்15 என்ற இரண்டு ஜீன்கள் உதவுகின்றன. மேலை நாடுகளில் முதலாவதைத்தான் பார்த்துவந்தார்கள். நுட்15 ஜீனில் ஓர் எழுத்து மாறியிருப்பவர்களுக்கு இந்த மாத்திரை உள்ளேயே தங்கி, வெள்ளையணுக்களைச் சட்டென்று சாய்த்துவிடும் என்பது 2014-ல் கொரியாவில் குடல்நோய் நோயாளிகளிடமும், அடுத்த வருஷம் லுகேமியா குழந்தைகளிடமும் தெரியவந்தது. அந்த வேறுபாடு ஐரோப்பியர்களிடம் அபூர்வம். கிழக்காசியாவிலும் நம்மிடமும் அதிகம். நம் நாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஒரு பிரதியாவது இருக்கிறது. ஒரு பிரதி என்றால் அளவைக் குறைத்துத் தொடங்குவார்கள். இரண்டு பிரதியும் என்றால் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கே போதும்.

ஆச்சியின் பேரன் இந்தக் கட்டத்துக்கு வந்த ஒரு மாதத்தில் வெள்ளையணுக் கவுண்ட் தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டது. காய்ச்சலோடு பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்போதுதான் இந்தச் சோதனையை எடுத்தார்கள். ஒரு பிரதி மாறியிருந்தது.

போன மாதம் அவன் அம்மா தனியாக வந்தாள். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தாள். “சார், இது மட்டும் பரம்பரைதான்னு டாக்டரே சொல்லிட்டாங்க. என்கிட்ட இருந்து வந்திருக்குமோ?” என்றாள்.

“உன்கிட்ட இருந்தும் இருக்கலாம், அவன் அப்பாகிட்ட இருந்தும் இருக்கலாம் தாயி. இந்த மாத்திரையைச் சாப்பிட்டாத்தான் இது வெளிய தெரியும். இல்லேன்னா நூறு வயசு வரைக்கும் தெரியாது. எனக்கே இருக்கலாம்” என்றேன். யார் என்று அவர்கள் பார்க்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. பையனின் அளவு தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் வேண்டியது.

மாத்திரை தினமும் பாதிதான். வெறுங்கையால் ஒடிக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார்களாம். கையுறை போட்டு, மாத்திரை வெட்டும் டப்பாவில் வைத்து, ராத்திரி ஒரே நேரத்துக்குக் கொடுக்கிறாள். பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு வாரமும் தேதி, எடை, கவுண்ட், கொடுத்த அளவு, கோடு போட்டு எழுதியிருந்தாள். அன்றைக்கு வந்த ரிப்போர்ட்டைப் பார்த்துக் கடைசி வரியைத் திண்ணையில் வைத்தே நிரப்பினாள். வெள்ளையணு 2,800. டாக்டர் எதிர்பார்த்த அளவுக்குள்தான் இருந்தது.